காற்றும் வெயிலும் யாருக்குச் சொந்தம்?

(காரைக்காலில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)



கூலி உயர்வு, பஞ்சப்படி, ரேஷன் அரிசி என்று பேச எவ்வளவோ இருக்க, இன்று நாம் மின்சாரத்தைப் பற்றியும் பூமி சூடேறுவதைப் பற்றியும் பேச வந்திருக்கிறோம். இது நமக்கு வேண்டிய பேச்சா என்று சில தோழர்களுக்குத் தோன்றலாம். சென்ற வாரம் நெடுங்காடு பக்கம் வயல் வரப்பில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். நாற்று முடியைக் கீழே வைத்துவிட்டு ஒரு மூத்த தாயார் நேராகவே கேட்டுவிட்டார்: "உலகம் சூடாவுதுங்கிறீங்களே தம்பி, அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? கரண்டு பில்லு கட்டவே வழியக் காணோம்!"

நியாயமான கேள்வி. அந்தத் தாயாரை வாட்டும் வெயிலுக்கும், அவர் கட்ட முடியாமல் தவிக்கும் பில்லுக்கும் வேர் ஒன்றுதான் என்பதை எடுத்துச் சொல்லவே இந்தக் கூட்டம்.

வெயில் யாரைச் சுடுகிறது?

மண்ணுக்கடியில் கிடக்கும் நிலக்கரியையும் எண்ணெயையும் தோண்டி எரித்தால் கரியமில வாயு உண்டாகிறது. அது வானத்தில் போர்வை போலத் தங்கி, சூட்டை வெளியே போகவிடாமல் தடுக்கிறது. யந்திரத் தொழில்கள் பெருகுவதற்கு முன் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 280 பங்கு கரியமில வாயு இருந்தது. இப்போது 420க்கும் மேலே போய்விட்டது. 2024ஆம் ஆண்டில் உலகத்தின் சராசரி வெப்பம் அந்தப் பழைய காலத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை டிகிரி அதிகமாக இருந்தது என்று உலக வானிலை நிறுவனம் கணக்குச் சொல்லிற்று. கணக்கெடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து அதுபோல் சூடான ஆண்டு வந்ததில்லை.

ஒன்றரை டிகிரி என்றால் சின்னதாகத் தோன்றும். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது சின்னதுதான். சேற்றில் குனிந்து நடும் பெண்ணுக்கு அப்படியல்ல. முன்பெல்லாம் உச்சி வரை நின்று நட்டவர்கள் இப்போது விடியுமுன்பே இறங்கி, வெயில் ஏறியதும் தலை கிறுகிறுத்துக் கரையேறுகிறார்கள். அரை நாள் வேலைக்கு அரை நாள் கூலி. பஞ்சாலையில் நூல் அறுந்துபோகாமல் இருக்க ஈரப்பதம் வைத்திருப்பார்கள். அந்தப் புழுக்கத்தோடு வெளிச்சூடும் சேர்ந்தால் ராத்திரி ஷிப்டில் நிற்பவன் உடம்பு என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும்.

நாம் இருப்பது கடலோரம், காவிரியின் கடைமடை. கடல் மட்டம் உயர உயர உப்புநீர் அரசலாற்றின் முகத்துவாரத்தோடு நிற்காது. கிணற்றுக்கும் வயலுக்கும் வரும். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியபோது நம் காரைக்காலும் சும்மா தப்பவில்லை. எல்லாப் புயலையும் இந்தச் சூட்டின் தலையில் கட்டிவிட முடியாது. ஆனால் கடல்நீர் சூடேறினால் புயலுக்கு வலு கூடுகிறது என்பது விஞ்ஞானிகள் ஒத்துக்கொண்ட உண்மை.

கரியின் கணக்கு

நம் நாட்டில் நிலக்கரியை எரித்து ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் சுமார் ஒரு கிலோ கரியமில வாயு வெளியாகிறது. இந்தியாவில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னமும் கரியில்தான் வருகிறது. 2025ஆம் ஆண்டில் நாட்டின் மின் நிலையங்களின் மொத்தத் திறனில் பாதி கரியும் எண்ணெயும் எரிவாயுவும் அல்லாதது ஆகிவிட்டது என்று டில்லி சர்க்கார் அறிவித்தது. அது உண்மைதான். ஆனால் திறன் வேறு, உற்பத்தி வேறு. சூரியத் தகடு பகலில் மட்டும் வேலை செய்யும். கரி நிலையம் இரவும் பகலும் ஓடும். கணக்கை முழுமையாகப் பார்க்கவேண்டும்.

கரிக்குப் பதிலாக வெயிலிலும் காற்றிலும் மின்சாரம் எடுத்தால் இந்தப் புகை இல்லை. ஒரு மெகாவாட் சூரிய நிலையம் நம் பக்கத்து வெயிலில் ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் யூனிட் தரும். அத்தனையும் கரி மின்சாரத்துக்குப் பதிலாக வந்தால், ஆண்டுக்குச் சுமார் 1,500 டன் கரியமில வாயு குறையும். இதில் நமக்கும் முதலாளிக்கும் தகராறு இல்லை. தகராறு எங்கே என்றால், அதை யார் கட்டுவது, யார் கையில் வைத்திருப்பது என்பதில்தான்.

காற்றாடிகளின் கதை

தமிழ்நாட்டில் காற்றாலை எப்படி வந்தது? முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்றை 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் நிறுவிக் காட்டியது சர்க்கார். காற்று எங்கே நன்றாக வீசுகிறது என்று அளந்து பார்த்ததும் சர்க்கார் செலவில். வழி கண்டுபிடித்ததும் என்ன நடந்தது? மின்சார வாரியம் சொந்தமாக நிறுவியது சுமார் 17 மெகாவாட். அத்தோடு சரி. தனியார் நிறுவியது பத்தாயிரம் மெகாவாட்டுக்கும் மேல்.

முப்பந்தல் கணவாயில் சுற்றும் காற்றாடிகளில் பல யாருடையவை? கோவை, திருப்பூர்ப் பக்கத்துப் பஞ்சாலை முதலாளிகளுடையவை. அவர்களைத் தூண்டியது பூமியின் மேல் வைத்த பாசமா? வருமானவரிச் சலுகை, தோழர்களே! ஒரு கோடி ரூபாய்க்குக் காற்றாடி வைத்தால், அதில் 80 லட்சத்தை முதல் ஆண்டிலேயே தேய்மானம் என்று எழுதி லாபத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று சட்டம் இருந்தது. அதற்கு முன் முழு நூறு சதவீதமும் கழித்தார்கள். கட்டவேண்டிய வரியைப் பல ஆண்டு தள்ளிப்போட வழி கிடைத்தது. சர்க்கார் வட்டியில்லாமல் கடன் கொடுத்தது போல. போதாததற்கு, முப்பந்தலில் எடுத்த மின்சாரம் கோவை ஆலைக்கு வருவது வாரியத்தின் கம்பியில். காற்று வீசும் மாதங்களில் எடுத்ததை வாரியத்திடம் கணக்கில் போட்டுவைத்து, காற்று ஓய்ந்த மாதத்தில் திரும்ப வாங்கிக்கொள்ளும் வசதியும் கொடுத்தார்கள். அதைத் திருப்பிக் கொடுக்க வாரியம் வெளியே அதிக விலைக்கு வாங்கவேண்டி வந்தது.

2012இல் அந்த வரிச் சலுகையைச் சர்க்கார் நிறுத்திற்று. முந்திய ஆண்டில் நாடு முழுவதும் சுமார் 3,200 மெகாவாட் காற்றாலை வைத்தவர்கள், அந்த ஆண்டில் சுமார் 1,700 மெகாவாட்டோடு கையைக் கட்டிக்கொண்டார்கள். காற்று நிற்கவில்லை, சலுகை நின்றது, காற்றாடியும் நின்றது. அதே காலத்தில்தான் தமிழ்நாட்டில் மணிக்கணக்காக மின்வெட்டு. ஆலைகள் ஷிப்டைக் குறைத்தன, தொழிலாளி கூலி இழந்தான். 2014இல் சலுகையைத் திரும்பக் கொடுத்தார்கள். லாபத்தை நம்பிப் பூமியைக் காப்பாற்றப் புறப்பட்டால் கதி இதுதான்.

வெயில் கதையும் அப்படியே. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய நிலையத்தை அதானி குழுமம் 2016இல் திறந்தது. யூனிட் 7 ரூபாய் 1 காசு என்று 25 ஆண்டுக்கு ஒப்பந்தம். அடுத்த ஆண்டே ராஜஸ்தான் பட்லாவில் ஏலம் 2 ரூபாய் 44 காசுக்கு வந்துவிட்டது. 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 1 ரூபாய் 99 காசு. தகடு விலை உலகமெங்கும் சரிந்தது. ஒப்பந்தம் எழுதியவன் விலை சரியவில்லை. அந்த வித்தியாசம் யார் தலையில் விடியும்? பில் கட்டுகிறவன் தலையில்தான்.

சொந்த மாடும் கூலி மாடும்

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கரி நிலையத்துக்குத் தினமும் கரி வாங்கவேண்டும். சூரிய நிலையத்துக்குத் தீனி செலவே இல்லை. வெயிலுக்கு எவனும் பில் அனுப்ப முடியாது. செலவெல்லாம் முதலில் போடும் பணத்தில்தான். ஆகவே அந்த மின்சாரத்தின் விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வட்டியும் லாபமும்.

ஒரு மெகாவாட்டுக்கு நாலு கோடி ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஏழு வட்டி என்றால் ஆண்டுக்கு 28 லட்சம். பன்னிரண்டு என்றால் 48 லட்சம். 15 லட்சம் யூனிட்டில் பங்கிட்டுப் பாருங்கள்: முன்னதில் யூனிட்டுக்கு 1 ரூபாய் 87 காசு, பின்னதில் 3 ரூபாய் 20 காசு. அதே வெயில், அதே தகடு. யூனிட்டுக்கு ஒன்றேகால் ரூபாய்க்கு மேல் வித்தியாசம். குறைந்த வட்டிக்குக் கடன் கிடைப்பது யாருக்கு? எந்த நாட்டிலும் சர்க்காருக்குத்தான். தனியாருக்கோ வட்டி போக லாபமும் வேண்டும். விலை நிர்ணயிக்கும்போது போட்ட பங்கு மூலதனத்துக்கு ஆண்டுக்கு 14 சதவீதம் லாபம் சேர்த்துக்கொள்ள மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையமே விதி எழுதியிருக்கிறது.

ஏர்மாடு சொந்தமாக வைத்திருக்கிறவன் ஒரு முறை கஷ்டப்பட்டு வாங்குகிறான், பிறகு உழுகிறான். கூலிக்கு மாடு பிடிக்கிறவன் ஆயுள் முழுக்கக் கொடுத்துக்கொண்டே இருக்கிறான். கடைசியில் மாடும் அவனுடையதில்லை. சர்க்கார் தன் பணத்தைச் சலுகையாகவும் ஒப்பந்தமாகவும் முதலாளிக்கு வாரிக் கொடுத்துக் கூலி மாடு பிடிக்கிறது. அந்தப் பணத்தில் சொந்த மாடு வாங்கு என்கிறோம் நாம்.

பொதுத்துறையால் முடியுமா?

முடியாது என்பார்கள். வரலாற்றைப் பாருங்கள். நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையமும் பிறகு மேட்டூரும் 1930களில் சென்னை மாகாண சர்க்கார் கட்டியவை. தேவை குறைந்த நேரத்தில் மிச்சமாகும் மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி, தேவையான நேரத்தில் கீழே விட்டு மின்சாரம் எடுக்கும் 400 மெகாவாட் காடம்பாறை நிலையத்தை 1980களிலேயே கட்டியது மின்சார வாரியம். சூரியன் மறைந்தபின் விளக்கெரிய இன்று வேண்டியது அதுபோன்ற சேமிப்புத்தான். இந்தியாவின் முதல் சூரிய மின்கலத்தை 1977இல் செய்தது எந்த முதலாளியும் அல்ல; பொதுத்துறையின் சென்ட்ரல் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம். அந்த நிறுவனத்தையே 2021இல் 210 கோடிக்குத் தனியாருக்கு விற்க உத்தரவு போட்டார்கள். தொழிலாளர் எதிர்த்து நின்றார்கள்; அடுத்த ஆண்டு விற்பனை கைவிடப்பட்டது.

நெய்வேலியைப் பாருங்கள். 1956இல் பழுப்பு நிலக்கரிக்காகத் தொடங்கிய நிறுவனம் 2019இல் ஆயிரம் மெகாவாட் சூரிய மின்திறனைத் தாண்டியது. மத்திய பொதுத்துறையில் அந்த அளவை முதலில் எட்டியது அதுதான். 2013இல் அதன் பங்குகளைத் தனியாருக்கு விற்கப் போனபோது தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். தமிழ்நாடு அரசு நிறுவனங்களே அந்தப் பங்குகளை வாங்கின. ஆனால் ஒன்றையும் மறைக்கக் கூடாது. 2023இல் வளையமாதேவியில் விளைந்து நின்ற பயிரில் யந்திரத்தை ஓட்டியதும் அதே நெய்வேலி நிறுவனந்தான். பொதுத்துறை என்று பெயர் வைத்தால் மட்டும் நியாயம் வந்துவிடாது. ஜனங்களின் கண்காணிப்பு வேண்டும், தொழிலாளியின் குரல் வேண்டும்.

தூரத்து நாட்டுச் செய்தி ஒன்று. தென் அமெரிக்காவில் உருகுவே என்றொரு நாடு. சுமார் 35 லட்சம் ஜனங்கள். பொதுத்துறைகளை விற்கும் சட்டத்தை 1992இல் அந்த நாட்டு மக்கள் வாக்கெடுப்பில் தோற்கடித்தார்கள். மின்சார நிறுவனம் சர்க்கார் கையில் நின்றது. காற்றாலைகளில் பல தனியார் கட்டியவைதான். ஆனால் எங்கே, எவ்வளவு, என்ன விலை என்று திட்டம் போட்டதும், கம்பியைக் கையில் வைத்திருந்ததும் அரசு நிறுவனம். மழை பொய்க்காத ஆண்டுகளில் அங்கே பத்தில் ஒன்பது பங்கு மின்சாரம் தண்ணீர், காற்று, வெயில், மரக்கழிவு ஆகியவற்றிலிருந்து வருகிறது.

நம் வாசலில் நிற்கும் சாட்சி

அவ்வளவு தூரம் போவானேன்? திருமலைராயன்பட்டினத்துக்குப் போய்ப் பாருங்கள். புதுச்சேரி சர்க்காருக்குச் சொந்தமான புதுச்சேரி மின்திறல் குழுமத்தின் நிலையம் நிற்கிறது. 32.5 மெகாவாட். காவிரிப் படுகையின் எரிவாயுவைக் கொண்டு 2000ஆம் ஆண்டில் உற்பத்தி தொடங்கியது. அந்த மின்சாரம் காரைக்காலுக்கே. இத்தனூண்டு பிரதேசம் சொந்தமாக மின் நிலையம் வைத்து நடத்த முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? எரிவாயுவிலும் கரியமில வாயு உண்டு. கரியில் பாதி அளவு. பூமிக்கடியில் இருக்கும் வாயு ஒரு நாள் தீரும். வெயில் தீராது. நிலையம் இருக்கிறது, பொறியாளர் இருக்கிறார்கள், வேலை தெரிந்த தொழிலாளி இருக்கிறான். அடுத்த அடியாகச் சூரிய மின்சாரத்தை இதே நிறுவனத்தைக் கொண்டு எடு என்கிறோம்.

அதே பட்டினத்துக் கரையில் இன்னொன்றும் நிற்கிறது: 2009இல் தொடங்கிய தனியார் துறைமுகம். 2023இல் 1,485 கோடி ரூபாய்க்கு அதானி கைக்குப் போயிற்று. அங்கே இறங்கும் சரக்கில் முக்கியமானது நிலக்கரி. வாஞ்சூரிலும் நாகூரிலும் கரித்தூள் வீட்டுக்குள் படிகிறது என்று ஜனங்கள் பல முறை போராடியிருக்கிறார்கள். ஒரே ஊரில் இரண்டு பாதையும் தெரிகிறது.

கூடவே இன்னொரு ஆபத்து. யூனியன் பிரதேசங்களின் மின்விநியோகத்தைத் தனியாருக்குக் கொடுப்போம் என்று 2020 மே மாதம் மத்திய நிதியமைச்சர் அறிவித்தார். 2022 செப்டம்பர் கடைசியில் புதுச்சேரி மின்துறைக்கு டெண்டர் விட்டார்கள். மின்துறைத் தோழர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 2025 பிப்ரவரியில் சண்டிகரின் மின்விநியோகம் தனியார் கைக்குப் போய்விட்டது. கஜாவில் தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. வெளி மாவட்டங்களிலிருந்து வந்து, சேற்றில் நின்று, கம்பம் நட்டவன் யார்? மின்வாரியத் தொழிலாளி. லாபக் கணக்குப் பார்க்கிறவன் கடைக்கோடிக் குடிசைக்குக் கம்பி இழுக்க எப்போது வருவான்? கம்பி அவன் கைக்குப் போனபிறகு வெயிலில் எடுத்த மின்சாரமும் அவன் சொன்ன விலைக்குத்தான்.

மாடிக்கு மானியம், கீற்றுக்கு?

2024இல் டில்லி சர்க்கார் கூரைச் சூரிய மின்சாரத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரு கோடி வீட்டுக்கு, 75,021 கோடி ரூபாய். மூன்று கிலோவாட் வைத்தால் 78,000 ரூபாய் மானியம். நல்லதுதான். ஆனால் யாருக்கு? சொந்த மாடி உள்ளவனுக்கு; மிச்சப் பணம் போட முடிந்தவனுக்கு. கீற்றுக் கொட்டகையில் இருப்பவன் தகட்டை எதன்மேல் வைப்பான்? வாடகை வீட்டில் இருக்கும் ஆலைத் தொழிலாளி எந்தக் கூரையில் வைப்பான்?

வழி இருக்கிறது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கொம்யூன் பஞ்சாயத்துக் கட்டடம், மார்க்கெட், பஸ் நிலையம் எல்லாவற்றின் மேலும் சர்க்கார் தகடு போடட்டும். 2020இல் மூடிய ஏ.எஃப்.டி., சுதேசி, பாரதி ஆலைகளின் இடத்திலும் போடட்டும்; நம் உழைப்பில் எழுந்த சுவர்கள் அவை. அங்கே எடுக்கும் யூனிட்டில் ஒரு பங்கைக் குடிசை வீட்டுக் கணக்கில் வரவு வைத்துப் பில்லைக் கழிக்கட்டும். ஒரு கிலோவாட் தகடு மாதம் சுமார் நூறு யூனிட் தரும். அந்த நெடுங்காட்டுத் தாயாரின் வீட்டு விளக்குக்கும் விசிறிக்கும் அது போதும்.

ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்லவேண்டும். நஞ்சை நிலத்தில் கை வைக்கக் கூடாது. வயலில் தகடு போட்டால் நிலச் சொந்தக்காரனுக்குக் குத்தகை வரும். நட்டவளுக்கும் அறுத்தவனுக்கும் என்ன வரும்? தகட்டைத் துடைக்க நாலு பேர் போதும். சுத்தமான மின்சாரம் என்று சொல்லி நம் கூலியைத் துடைத்துவிட விடமாட்டோம்.

கரி இறக்கும் தோழனுக்கு

துறைமுகத்திலும் அனல் மின் நிலையத்திலும் கரியோடு வேலை செய்யும் தோழர்கள், "எங்கள் பிழைப்பு என்ன ஆவது?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் கரியை ஒழிப்போம் என்று கோஷம் போடுவது பொறுப்பற்ற வேலை. கரி குறையும் காலம் வரத்தான் போகிறது. அன்று முதலாளி கணக்கை முடித்துவிட்டுப் போவான். தொழிலாளி தெருவில் நிற்பான். புதுச்சேரி ஆலைகள் மூடியபோது கண்டோமே! புதிய நிலையங்கள் சர்க்கார் கையில் இருந்தால்தான், சம்பளம் குறையாமல், சர்வீஸ் அறாமல், பழைய தொழிலாளியைப் புதிய வேலைக்குப் பழக்கி எடுத்துக்கொள் என்று கேட்க ஓர் இடம் இருக்கும்.

நாம் கேட்பது

ஆகவே, தோழர்களே, நம் கோரிக்கைகள் இவை:

காரைக்கால் மின் நிலையத்தை நடத்தும் அரசு நிறுவனத்துக்கு மூலதனம் கொடுத்துச் சூரிய மின் நிலையமும் மின்சாரச் சேமிப்பும் கட்டவேண்டும்.

பொதுக் கட்டடக் கூரைகளில் தொடங்கவேண்டும். சாகுபடி நிலத்தைத் தொடக் கூடாது.

குடிசைக்கும் வாடகை வீட்டுக்கும் அந்த மின்சாரத்தில் பங்கு வேண்டும்.

கரி வேலையில் உள்ளவர்களுக்கு மாற்று வேலைக்கு உத்தரவாதம் வேண்டும்.

மின்விநியோகம் ஜனங்கள் கையில் இருக்கவேண்டும். அதை விற்கக் கூடாது.

நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1936 ஜூலை 30ஆம் தேதி புதுச்சேரியில் பிரெஞ்சு ஏகாதிபத்தியம் ஆலைத் தொழிலாளர் மீது சுட்டது. பன்னிரண்டு தோழர்கள் மாண்டார்கள். எட்டு மணி நேர வேலை இந்த மண்ணில் நடக்காது என்று அன்று சொன்னார்கள். அடுத்த ஆண்டே சட்டமாயிற்று. அது தானாக வரவில்லை.

அடுத்த வாரம் ஒவ்வொரு கொம்யூனிலும் இந்தக் கோரிக்கைகளுக்குக் கையெழுத்து வாங்கப் புறப்படுகிறோம். முதல் கையெழுத்தை நெடுங்காட்டு வயல் வரப்பில் வாங்குவோம். "நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்ட அந்தத் தாயாருக்கு நம்முடைய பதில் அதுதான்.